படுத்தபடி நடந்தவர்கள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அவசரப்படாதே.

போன சனிக்கிழமை மகள் ஒரு நாரோபோட், அதாவது கால்வாயில் போகும் ஒடுக்கமான நீளப் படகு, வாடகைக்கு எடுத்தாள். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ஸ்டோக் புரூர்ன் என்ற சின்ன ஊர். கிராண்ட் யூனியன் கால்வாய் ஊர் நடுவிலேயே ஓடுகிறது. படகின் அகலம் ஏழடிகூட இல்லை, நீளமோ அறுபதடி. சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அது கைக்குப் பழகவே ஒரு மணி நேரம் ஆனது.

ஊருக்குள் ஏறிவர ஏழு லாக், அதாவது படகை மேல்மட்டத்துக்கு ஏற்றும் கதவு வைத்த தொட்டிகள். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடி, மேல் மடையைத் திறந்தால் தண்ணீர் நிரம்பப் படகும் கூடவே உயர்கிறது. மோட்டார் எதுவும் கிடையாது. கதவின் நீண்ட மரக்கட்டையை முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். அங்கே இரண்டு படகு சேர்ந்து நிற்க இடம் உண்டு. படகிலேயே குடியிருக்கும் வயதான தம்பதி எங்களோடு ஏறி வந்தார்கள். சேர்ந்து போனால் ஒரு லாக் தண்ணீர் மிச்சம் என்றார் அந்த அம்மா.

அப்புறம் பிளிஸ்வொர்த் சுரங்கம். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். 1805-ல் திறந்தது, 2.8 கிலோமீட்டர். உள்ளே கரைப்பாதை இல்லை. அந்தக் காலத்தில் படகை இழுத்த குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்திக் கொண்டுபோவார்கள். படகை நகர்த்த இரண்டு பேர் படகின் குறுக்கே போட்ட பலகையில் மல்லாந்து படுத்து, பக்கச் சுவரைக் காலால் மிதித்து மிதித்தே அடுத்த முனை வரை போவார்களாம். எங்களுக்கு எஞ்சின் இருந்தும் முக்கால் மணி நேரம் ஆனது. காற்றுக்காக மேலே வெட்டிய துளைகளிலிருந்து தலையில் தண்ணீர் சொட்டியது. விளக்கு வெளிச்சத்தில் செங்கல் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை பேருடைய கால் பட்ட சுவர்! உன் முழங்காலும் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தால் கண்கூசும் வெயில், கரையெல்லாம் வெள்ளையாகப் பூத்த ஹாதோர்ன் முட்செடி வேலி. மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது. அலை எழுந்தால் கரை அரிக்கும். நடைபாதையில் நாயோடு வந்தவர் எங்களை முந்திப் போனார். எனக்கு அந்த வேகமே போதும் என்றிருந்தது.

அடுத்த மே மாதம் நீ வா. முன்பக்கம் உட்கார பெஞ்சு இருக்கிறது. மடை வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரவி