ரம்பத்தின் பின்பல்லுக்கு ஒரு காவல்

காரைக்குடி

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் பட்டறையை நீ மறுபடி திறந்துவிட்டாய் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். ஆனால், அந்தப் பழைய ரம்ப மெஷினில் பூவரசங்கட்டையை நீளவாக்கில் அறுக்கும்போது "ஒருமுறை எகிறியது" என்று நீ ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஆகவே, மற்ற செய்திகளை ஒதுக்கிவிட்டு இதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மெஷினிலும் இதுவே நடந்தது. இரண்டடி நீள வேப்பங்கட்டை திரும்பி வந்து அடிவயிற்றில் மோதியதில் பதினைந்து நாள் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. கவனக் குறைவு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன், காரணம் அதுவல்ல. பிளேடின் முன்பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, பின்பற்களோ கீழிருந்து மேலே எழுகின்றன. உள்ளே இறுக்கம் உள்ள மரம் அறுபட்டதும் வாய் மூடிக்கொண்டாலோ, பிளேடுக்கும், மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பான கைடுக்கும் நடுவே நெருக்குண்டு கோணினாலோ, அந்தப் பின்பற்கள் அதைத் தூக்கி நம் மேல் எறிகின்றன. 250 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும்போது பல்லின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. ஆகும். விலகிக்கொள்ள நேரம் கிடையாது. மரத்தோடு கையும் பிளேடை நோக்கி இழுபடலாம் என்பதுதான் இன்னும் கொடியது.

நீளமான பலகை அறுக்கும்போது பிளவில் ஆப்புச் செருகச் சொல்வாரே உன் அப்பா, நினைவிருக்கிறதா? பிளேடுக்குப் பின்னால் பிளவுக்குள் நிற்கும் ரைவிங் நைஃப் என்கிற தகடு செய்வதும் அதே வேலைதான். ஆனால் பிளேடுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகாமலே, பிளவு தகட்டை எட்டியதிலிருந்து கடைசிவரை அதைச் செய்கிறது. பிளேடு ஏறி இறங்கும் மெஷின்களில் இந்தத் தகடும் பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும் என்பதால், பழைய மெஷினில் பொருத்துவது சிரமம். நம் இருவருடைய மெஷினிலும் மேசைதான் ஏறி இறங்குகிறது. பிளேடைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் நிலையாக இருக்கிறது. ஆகையால் தகட்டை அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், மேசையை எந்த உயரத்துக்கு வைத்தாலும் தகட்டுக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளி மாறாது. இந்த வகை மெஷினின் பெரிய வசதி இது. நம்மில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

என் பிளேடின் பல் அகலம் 3.2 மி.மீ., உடல் தடிமன் 2.2 மி.மீ. என்பதால் 2.5 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டச் செய்தேன். உடலைவிட மெல்லியதாக இருந்தால் தகட்டால் பயனில்லை, பல் அகலத்தைவிடத் தடித்ததாக இருந்தால் மரம் அதில் சிக்கி நின்றுவிடும். பிளேடின் வளைவையொட்டி வளைத்து வெட்டி, 5 மி.மீ. இடைவெளி விட்டேன், 3 முதல் 8 வரை இருக்கலாம். மேல்முனை பிளேடைவிட 2 மி.மீ. தாழ்வாக இருப்பதால், மரத்தை முழுக்க அறுக்காமல் காடி (பள்ளம்) எடுக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் திரும்ப மாட்ட மாட்டோம் என்பது உனக்கே தெரியும். சாணை பிடிக்கப் பிடிக்க பிளேடின் விட்டம் குறையும். அதற்கேற்பத் தகட்டை நகர்த்த போல்ட் துளைகளை நீளத் துளைகளாகவே போடச் சொன்னேன். பிளேடோடு ஒரே நேரில் நிறுத்துவதுதான் பொறுமை வேண்டிய வேலை. ஸ்கேலை இருபுறமும் வைத்துப் பார்த்து, பித்தளை ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) சொருகி, எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

கைடையும் பார். அதன் பின்முனை பிளேடை நோக்கி மயிரிழை சாய்ந்திருந்தாலும் மரம் நெருக்குண்ணும். நான் கைடின் மேல் ஒரு குட்டைப் பலகையை, பிளேடின் நடுப்பகுதியோடு முடியும்படி, திருகியிருக்கிறேன். அறுபட்ட மரம் விரிய அங்கே இடம் கிடைக்கிறது. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பல் கொக்கிகளையும் முயன்றேன். ஒடுக்கமான துண்டுகளுக்கு அவை இடைஞ்சலாகவே இருந்ததால் கழற்றிவிட்டேன். பின்னால் நின்று பலகையை இழுக்கும் பையனிடம், பக்கவாட்டில் இழுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்.

உன் பிளேடில் அச்சிட்டிருக்கும் பல் அகலத்தையும் உடல் தடிமனையும், ஷாஃப்ட்டிலிருந்து பின்சட்டம் வரை உள்ள தூரத்தையும் அளந்து எழுது. இங்குள்ள லேத் பட்டறையில் வெட்டுவித்து நானே எடுத்து வருகிறேன். அதுவரை நீளவாக்கில் அறுக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து நிறுத்தி வை.

அன்புடன்,
கதிரேசன்