விசிறித்தொண்டை ஓணான் தொடர்பான அறிவித்தல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கரையோர மணற்புல்லில் கழுத்து விசிறியை (தொண்டையின் கீழுள்ள தோல் மடிப்பை) விரித்தபடி நிற்பதாகக் குழுவில் பகிரப்பட்ட சிறிய ஓணான், விசிறித்தொண்டை ஓணான் வகையைச் சேர்ந்தது. இலங்கையின் வடபுலத்தில் காணப்படும் இனம், 2015இல் சிற்றானா தேவகாய் (Sitana devakai) என்ற அறிவியற் பெயரில் தனியினமாக விவரிக்கப்படும் வரை, புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய இந்திய இனத்துடன் சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது.

பின்னங்காலில் நான்கு விரல்களே இருப்பதும், விரட்டினால் முன்னுடலைத் தூக்கிப் பின்னங்கால்களால் மட்டும் ஓடுவதும் இதனை வேலி ஓணானிலிருந்து உடனே பிரித்துக் காட்டும். பெண்ணுக்கு அந்த விசிறி இல்லை. அதனாலேயே பலரது கண்ணில் அது படுவதில்லை.

வெயில் படும் திறந்த தரையே இதன் வாழிடம் என்பதால், மணல் அகழ்வைப் போலவே, வெறுங்காணி என்று எண்ணி நாம் நல்லெண்ணத்துடன் நடும் சவுக்கும் இதற்குக் கேடுதான் என்பது என் கருத்து. ஆகவே, மாரியில் மரநடுகைக்கு இடம் தெரிவு செய்யும்போது இத்தகைய புற்றரைகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படம் எடுப்போர் பின்னங்கால் விரல்கள் தெரியும்படி எடுக்கவும்; பிடிக்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம்.