எந்த உயரத்தில் தூங்கினார் என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், முதுகுப் பையோடு தனியாக ரிஷிகேஷிலிருந்து கிளம்பி, இமயத்தில் கங்கை பிறக்கும் பனிப்பாறை முகப்பான கோமுகம் வரை போய் நான்கே நாளில் திரும்பி வந்த ஒருவருடைய அனுபவத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படங்களைப் பார்த்ததும் எனக்கும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் இரண்டு முறை படித்தும் அந்தப் பக்கத்தில் உயரம் என்று ஒரு எண்கூடக் கண்ணில் படவில்லை. எந்த ராத்திரி எங்கே தூங்கினார் என்பதும் இல்லை. அதைப் படித்துவிட்டு, நமக்கும் நான்கு நாள் விடுப்பு போதும் என்று கணக்குப் போடப்போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதே பாதையில் அதே அவசரத்தோடு நானும் போனவன்.

அப்போது எனக்கு இமயம் புதிது. ரிஷிகேஷில் விடிகாலை பஸ் ஏறினேன், அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர்தான். நடுவில் உத்தரகாசியில் டீ குடிக்க இறங்கியபோது, இன்று இங்கேயே தங்கிவிட்டு நாளைக்குப் போயேன் என்று டீக்கடைக்காரரே சொன்னார். நான் கேட்கவில்லை. ஷேர் ஜீப் பிடித்து இருட்டுகிற நேரத்துக்குக் கங்கோத்ரி போய்ச் சேர்ந்தேன், அது சுமார் 3,100 மீட்டர். மறுநாள் காலையில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு (அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி) 14 கிலோமீட்டர் நடந்து போஜ்பாசா. அது ஏறக்குறைய 3,800 மீட்டர். அதாவது சமவெளியில் கண்விழித்தவன், மறுநாள் சாயங்காலமே மூன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே போய்ப் படுத்திருக்கிறேன்.

நடைவழியில் வரும் சீர்பாசாவிலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். போஜ்பாசாவில் ரொட்டியும் பருப்பும் கொடுத்தார்கள், வாயருகே கொண்டுபோனாலே குமட்டியது, ராத்திரி மூன்று முறை வாந்தி. அதைவிடப் பயமாக இருந்தது தூக்கம்தான். கண் அசந்ததும் மூச்சு நின்றுபோனது மாதிரி ஒரு திடுக்கிடல், எழுந்து உட்கார்ந்து இரைக்க இரைக்க மூச்சு வாங்குவேன், மறுபடி படுத்தால் மறுபடி அதேதான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டார்ச் அடித்து என் முகத்தைப் பார்த்தார், எழுந்து ஒரு காலின் குதியும் மறுகாலின் விரலும் ஒட்டுகிற மாதிரி நேர்கோட்டில் நடந்து காட்டு என்றார். எதற்கு இதெல்லாம் என்று நினைத்தேன், ஆனாலும் நடந்தேன். கோடு விலகாமல் நடந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். மூளையில் நீர் கோக்க ஆரம்பித்தால் முதலில் நடை தள்ளாடும், நீ மட்டும் தள்ளாடியிருந்தால் இந்த இருட்டிலேயே உன்னைக் கீழே தூக்கிக்கொண்டு போயிருப்பேன் என்று அப்புறம் சொன்னார். விடிந்ததும் கோமுகத்தை மறந்துவிட்டு இறங்கச் சொன்னார். நாலு கிலோமீட்டர்தானே, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேனே என்று கெஞ்சினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கினேன். சீர்பாசா பைன் மரங்களை அடையும்போதே தலைவலி பாதியாகிவிட்டது, கங்கோத்ரியில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தப் பெரியவர் பக்கத்துக் கட்டிலில் இல்லாமல் இருந்திருந்தால் நான் காலையில் இன்னும் மேலே போயிருப்பேன். தனியாகப் போகிறவருக்கு உள்ள உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உயரத்தில் காற்று அழுத்தம் குறையும், 5,500 மீட்டரில் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான் இருக்கும் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் குறைவு நம் யோசனையையும் மந்தமாக்கும்போது, நமக்கு உடம்பு சரியில்லை என்று நாமே கண்டுபிடிக்க முடியாது. கூட ஒருவர் இருந்தால் அவர் நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். தனி ஆளுக்கு யார் சொல்வார்கள்? அதனால் அவருக்குக் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். 2,500 மீட்டரைத் தாண்டினாலே மலை நோய் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் சரி, எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. தலைவலியோடு மேலே ஏறவே கூடாது. மலை நோயைத் தடுக்க எடுத்துக்கொள்ளும் அசெட்டசோலமைடு மாத்திரையைச் சிலர் மிட்டாய் மாதிரி விழுங்குகிறார்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம், மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. திடமான உடம்பு இருந்தால் ஒன்றும் ஆகாது என்பதும் பொய். நம் நாட்டு ராணுவ வீரர்கள் ஏறக்குறைய 2,000 பேரை வைத்து நம் ராணுவ மருத்துவர்களே 1969இல் மலை நோயைப் பற்றி எழுதிய ஆய்வை இன்றும் உலகமெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். பயிற்சி பெற்ற சிப்பாய்களையே சட்டென்று மேலே கொண்டுபோய் இறக்கினால் சுருண்டுவிடுகிறார்கள் என்னும்போது, வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் எம்மாத்திரம்.

நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடந்தபோது ஒரு விஷயம் என்னை மிகவும் கவர்ந்தது. 5,416 மீட்டர் தோரோங் லா கணவாய்க்கு முன்னால் மனாங் என்று ஒரு ஊர் வருகிறது, உயரம் 3,540 மீட்டர். எல்லோரும் அங்கே இரண்டு இரவு தங்குகிறார்கள். 1973இல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் அங்கே பருவகாலத்தில் ஒரு மருத்துவ மையம் நடத்துகிறது. பிற்பகலில் மருத்துவரே உட்கார்ந்து மலை நோயைப் பற்றிப் பாடம் எடுக்கிறார், யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். நான் போன அன்று இடம் பிடிப்பதே கஷ்டமாக இருந்தது. நம் பக்கத்துப் பாதைகளில் இப்படி ஒரு வகுப்பை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. உத்தரகாண்டில் மலையேறுகிறவர்கள் தங்கிக் கிளம்பும் சங்க்ரியிலோ காங்கரியாவிலோ சாயங்காலம் ஒரு மணி நேரம் இதைச் செய்வதற்குப் பெரிய செலவு என்ன ஆகிவிடப்போகிறது?

அதே நேபாளம் 2023 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டு மலையேற்றக்காரர்கள் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்றும் விதி போட்டது. நம் நாட்டிலும் தனியாகப் போவதையே தடை செய்யுங்கள் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாகப் போனதால் எனக்குக் கிடைத்ததை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாம் முறை அதே கோமுகப் பாதைக்கு ஏழு நாள் எடுத்துக்கொண்டு போனேன், உத்தரகாசியில் ஒன்று, கங்கோத்ரியில் இரண்டு இரவு. வலி இல்லாத தலையோடு நடக்கும்போதுதான் அந்தப் பாதை கண்ணுக்கே தெரிகிறது. செங்குத்தான சரிவில் நீல ஆடுகள் நின்ற இடத்தில் நானும் நின்றேன், அவசரமே இல்லை. போஜ்பாசா என்ற பெயரே போஜ் மரத்தால் வந்தது, அந்தக் காலத்தில் எழுதும் ஏட்டுக்காகப் பட்டை உரித்த பூர்ஜ மரம்தான் அது. அது விறகுக்கு வெட்டப்பட்டு மொட்டையாகிக்கிடந்த இடத்தில் மலையேற்ற வீராங்கனையும் பேராசிரியருமான ஹர்ஷவந்தி பிஷ்ட் முயன்று மறுபடி கன்றுகள் நட்டு வளர்த்திருக்கிறார். முதல் பயணத்தில் இதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை. கூட்டமாகப் போயிருந்தால் நம்மவர்களோடு நம் மொழியிலேயே பேசிக்கொண்டு போயிருப்பேன். தனியாகப் போனதால் தாபாக்காரரோடும் நேபாளி போர்ட்டர்களோடும் அரைகுறை இந்தியில் மணிக்கணக்காகப் பேசினேன். எந்த ஓடையைக் காலையிலேயே கடக்க வேண்டும், மத்தியானம் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

மலைக்குப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். ஊரும் தாபாவும் உள்ள பாதை வரை, உதாரணமாகத் துங்கநாத் (3,680 மீட்டர்) அல்லது பூக்களின் பள்ளத்தாக்கு, தனியாக நடக்கலாம், நானும் நடக்கிறேன். அதற்கு மேல் பனிப்பாறை, கணவாய், ஆளில்லாத முகாம் என்றால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டுதான் போவேன், 4,270 மீட்டர் ஹம்ப்தா கணவாய்க்கும் அப்படித்தான் போனேன். அதற்காகக் கும்பலாகப் போனால் மட்டும் பாதுகாப்பு என்றும் யாரும் நம்ப வேண்டாம். 2024 ஜூனில் உத்தரகாண்டின் சஹஸ்திர தால் ஏரிப் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்துக்காரர்கள் இருந்த 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கங்கோத்ரி தாண்டியதும் என் போனில் சிக்னல் போய்விட்டது. வெளிநாட்டுப் பயணிகள் சட்டையில் மாட்டிக்கொண்டு திரியும் சாட்டிலைட் கருவிகளை நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்படியிருக்க, தனியாகப் போகிறவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, எங்கே போகிறேன், எந்த நாள் எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று யாரிடமாவது எழுதிக் கொடுப்பதுதான். இமாசலத்தின் பார்வதி பள்ளத்தாக்கில் 1990களிலிருந்து எத்தனையோ பயணிகள் காணாமல் போயிருக்கிறார்கள். எங்கே தேடத் தொடங்குவது என்றே தெரியாமல் குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைந்திருக்கின்றன. நான் தங்கும் இடத்தில் ஒரு சீட்டும் வீட்டில் ஒரு சீட்டும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். மலைப்பாதை வாசலில் பெயரை எழுதி வாங்குகிற அதிகாரிகள், சாயங்காலம் அந்த ஏட்டை எடுத்து யார் திரும்பவில்லை என்று பார்த்தால் போதும், பாதி உயிர்களையாவது நேரத்தோடு தேட முடியும்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் கையில் இருப்பதை நீங்கள் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இனி இமயப் பயணக் கட்டுரை போடும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டி, ஒவ்வொரு இரவும் தங்கிய இடம், அதன் உயரம், அனுமதிச் சீட்டு வேண்டுமா, திரும்பி இறங்க எத்தனை மணி நேரம், இவ்வளவும் போடுங்கள். கோமுகம் போய்வந்த அந்த நண்பர் நலமாகத் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சியே. அவரிடமே கேட்டு அந்த இரவுகளின் உயரத்தை இந்த ஞாயிறே வெளியிட்டால், மே மாதத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் பார்த்துவிட்டு இன்னும் மூன்று நாள் சேர்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்