ஆய்வுச் செய்தியோடு டிஓஐ எண்ணையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் நான். "ஓர் ஆய்வில் தெரியவந்துள்ளது" என்று தொடங்கும் செய்திகள் அதில் அடிக்கடி வருகின்றன. எந்த இதழில் வந்த ஆய்வு, யார் செய்தது, எப்போது வெளிவந்தது என்ற விவரம்தான் பல சமயம் இருப்பதில்லை. மருத்துவ நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதாலோ என்னவோ, எனக்கு இது கண்ணை உறுத்துகிறது. நான் கேட்பது சின்ன விஷயம். செய்தியின் கடைசியில் இதழின் பெயரையும் கட்டுரையின் டிஓஐ எண்ணையும், அதாவது அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாள எண்ணையும், ஒரு வரியில் போடுங்கள். 10 என்று தொடங்கும் அந்த எண்ணை டிஓஐ டாட் ஓஆர்ஜி என்ற முகவரியில் கொடுத்தால் கட்டுரையின் பக்கம் நேராகத் திறக்கும். இதழ் வேறு பதிப்பகத்துக்குக் கைமாறிப் போனாலும் எண் மாறாது.

யார் தேடிப் போய்ப் படிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். படிக்கிறார்கள் ஐயா. செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், தன் குழந்தைக்கு வந்திருக்கும் அரிய நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிக்கும் பெற்றோர் என்று எத்தனையோ பேர், செய்தித்தாளில் கிழித்த துண்டோடு என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். எல்லோரும் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான். சுருக்கத்தைப் படிக்க முடிகிறது. முழுக் கட்டுரையைக் கேட்டால் கட்டணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்துவிடுகிறது. சரி, நமக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள். அதே கட்டுரை வேறோர் இடத்தில் இலவசமாகவே இருக்கும்.

மருத்துவ ஆய்வுகளைத் தேட உதவும் இணையதளங்களான பப்மெட்டும் பப்மெட் சென்ட்ரலும் ஒன்று என்று நினைப்பவர்கள் ஏராளம். அவர்களில் மூத்த டாக்டர்களும் உண்டு! இரண்டையும் நடத்துவது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம்தான். ஆனால் பப்மெட்டில் இருப்பது கட்டுரையின் விவரமும் சுருக்கமும் மட்டுமே. முழுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருப்பது 2000இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வு என்றால், இதழ் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப் பிரதியை அங்கே போட்டாக வேண்டும் என்று 2008 முதல் விதி இருக்கிறது. முன்பு 12 மாதம் வரை தாமதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. பதிப்பகத்தின் கட்டணப் பக்கம் மட்டும் பார்ப்பவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அடுத்தது, பல இதழ்களின் கட்டுரைகளைத் தொகுத்துத் தரும், நூலகங்கள் சந்தா கட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்கள். பெரும்பாலானவர்கள் வழி தவறுவது இங்கேதான். தேடல் பக்கத்தில் 'முழு உரை மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். யாராக இருந்தாலும் முதலில் அதில்தான் டிக் போடுவார்கள். போடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டம், அந்த ஒரு தரவுத்தளத்துக்குள்ளேயே முழுதாக இருக்கும் கட்டுரைகளை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைத்துவிடும். உங்களுக்கு வேண்டிய கட்டுரை அதே நூலகம் பணம் கட்டியிருக்கும் இன்னொரு தரவுத்தளத்திலோ பதிப்பகத்தின் தளத்திலோ இருக்கலாம். டிக்கை எடுத்துவிட்டுத் தேடினால், ஒவ்வொரு முடிவின் கீழும் 'முழு உரையைத் தேடு' என்பதுபோல ஒரு லிங்க் வரும். பெயர் நூலகத்துக்கு நூலகம் மாறும். அதைச் சொடுக்கினால் நூலகத்தின் மொத்தச் சந்தாப் பட்டியலையும் அது துழாவிப் பார்த்துச் சொல்லும். அங்கும் கிடைக்கவில்லையா? இதழ்ப் பட்டியலில் அந்த இதழுக்கு எதிரே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். சில பதிப்பகங்கள் கடைசி ஓராண்டு இதழ்களை இந்தத் தரவுத்தளங்களுக்குத் தருவதில்லை. இதழ் இருக்கும், நமக்கு வேண்டிய புதுக் கட்டுரை மட்டும் இருக்காது.

இன்னொன்று: கூகுள் வழியாக நேரே பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போனால், நீங்கள் சந்தா உள்ள நூலகத்தின் உறுப்பினர் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. நூலகத்தின் லாகின் வழியாகப் போனால் அதே பக்கம் திறந்துகொள்ளும். எந்த நூலகத்திலும் உறுப்பினர் இல்லை என்றால், கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் தேடி, 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் திறந்து பாருங்கள். கட்டுரையாளரின் பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஒரு பிரதி இருக்கலாம். அப்புறம், கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடலாம். தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் பெரும்பாலும் மகிழ்ந்துபோய் அனுப்பிவிடுவார்கள்.

சுருக்கமே போதாதா என்று உங்கள் நிருபர்கள் கேட்கக்கூடும். 2010இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதன்மையாகச் சோதிக்க நினைத்த விஷயத்தில் குறிப்பிடத்தக்க பலன் தெரியாமல் முடிந்த 72 மருத்துவச் சோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 42 கட்டுரைகளின் சுருக்கத்தில், முடிவுரை சிகிச்சை நல்லது என்பதுபோலப் பூசி எழுதப்பட்டிருந்தது. சுருக்கத்தை மட்டும் படித்து எழுதும் நிருபர் அந்தப் பூச்சையும் சேர்த்தே நமக்குத் தருகிறார். 'ஆபத்து பாதியாகக் குறைந்தது' என்ற செய்தியும் அப்படித்தான். ஆயிரத்தில் இருவருக்கு வந்தது ஒருவருக்கு என்று குறைந்தாலும் பாதிதான், இருநூறு பேருக்கு வந்தது நூறு பேருக்கு என்று குறைந்தாலும் பாதிதான். எது என்பது முழுக் கட்டுரையின் அட்டவணையைப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டுரையின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் வந்த கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. பப்மெட்டில் அந்தக் கட்டுரையைத் திறந்தால் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற அறிவிப்பு முகப்பிலேயே நிற்கும். எண்ணைக் கொடுத்தால் வாசகரே இப்படிச் சரிபார்த்துக்கொள்வார். மெட்ஆர்கைவ் (medRxiv) போன்ற தளங்களில் வரும், வல்லுநர் பரிசீலனை இன்னும் முடியாத கட்டுரைகளையும் அடையாளம் கண்டுகொள்வார். அப்படிப்பட்டதை வைத்து எழுதும்போது அதை நீங்களே செய்தியில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

அச்சில் இடம் போதவில்லை என்றால் இதழின் பெயரைக்கூட விட்டுவிடுங்கள். டிஓஐ எண் இருந்தால் போதும், மற்றதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இணையப் பதிப்பில் அந்த எண்ணையே லிங்க்காகக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மருத்துவ நூலகர்