கிணத்துக்க விழுந்த பொடியனும் மடிக்கிற அக்காவும்: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் போடுற கதை இதழ் இண்டைக்கு விடியதான் கைக்கு வந்தது, மை மணம் இன்னும் போகேல்ல, அதுக்குள்ள இதை எழுதிப் போடவேணும் போல இருக்கு. போன ரெண்டு மாதமும் இதழை விட்டிட்டுப் போவம் எண்டு நினைக்கிற அளவுக்குப் போச்சு, அதைத் திருப்பிக் கிண்ட மனமில்லை.

முதல்ல அந்த அக்கா. அச்சகத்தில தாள் மடிக்கிறவ. பேர் போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா, அதால அக்கா எண்டே வைப்பம்.

அண்டைக்கு மெஷின் ஓடத் தொடங்கிப் பத்து நிமிசம் இருக்காது, நான் வெளியில பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு நிக்கிறன், அக்கா ஒரு மடிச்ச தாளோட வந்து "தம்பி, இவன் கிணத்துக்க விழுந்திட்டான், அடுத்த பக்கத்தில சைக்கிள் ஓடுறான், உது பேய்க்கதையோ?" எண்டு கேட்டா. எனக்கு ரீ தொண்டைக்க நிண்டுட்டுது. 32 பக்கப் புத்தகம், நடுவில பின் அடிக்கிறது, மடிக்க முதல் தாளில பக்கத்தில பக்கத்தில வாற ரெண்டு பக்கத்தின்ர இலக்கத்தையும் கூட்டினா 33 வரவேணும். 12ஐயும் 21ஐயும் நான்தான் இடம் மாத்தி வைச்சிருக்கிறன், கூட்டினா கணக்குச் சரி, கதைதான் பிழை! ஆசிரியராம், பதிப்பாளராம், மூண்டு தரம் புரூப் பாத்தனாம்.

நான் ஓடிப்போக முதல் அக்காவே மெஷின்கார அண்ணையை நிப்பாட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கிறா. எழுவது தாளோட தப்பினம். தொண்ணூறுகளில தாள் தட்டுப்பாட்டில கொப்பித்தாளில அடிச்ச பேப்பர் வாசிச்ச ஊர் இது, தாளின்ர அருமையை ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. ஏன் அக்கா வாசிச்சனீங்கள் எண்டு கேட்டன், "சும்மா மடிச்சா கை நோகும், வாசிச்சா நோகாது" எண்டா.

மற்ற ஆக்களுக்கும் நன்றி. கனடாவிலயும் பிரான்ஸிலயும் இருந்து காசு அனுப்பினவை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருந்து சைக்கிளில கட்டுக் காவின பொடியள், காசு பேந்து பாப்பம் எண்டு அட்டை கீறித் தந்த தம்பி, எல்லாரும்.

விட்டிட்டுப் போவம் எண்டு இருந்த நாளில ஜெனட் கானைப் பற்றித்தான் அடிக்கடி யோசிச்சனான். பிள்ளையளுக்குச் சஞ்சிகை நடத்தின மனுசி, 1976இல 28 வயசில, அமெரிக்காவில சூப்பர்மேன், பாட்மான் கதையள் போடுற டிசி காமிக்ஸின்ர பதிப்பாளரா வந்தவ. 1978இல ஒரேயடியா ஒரு குவியல் தலைப்புகளை நிப்பாட்டவேண்டி வந்தது, ஆனா 2002 வரைக்கும் அங்கதான் இருந்தா. எழுதுறவை கீறுறவைக்கு விற்பனையில பங்கு குடுக்கிற முறையும் அவவின்ர காலத்தில டிசிக்கு வந்ததுதான். அவவோட என்னை ஒப்பிடேல்ல, எங்க டிசி, எங்க எங்கட கொக்குவில். எண்டாலும் அந்தப் பங்கு விசயம் மண்டைக்க நிக்குது, இந்த முறை மிஞ்சுற காசில மடிக்கிறவைக்கும் ஒரு பங்கு இருக்கு, எழுதி வைச்சிட்டன்.

அடுத்த இதழிலயிருந்து மடிச்ச டம்மி, அதான் அடிக்க முதல் செய்து பாக்கிற மாதிரிப் புத்தகம், முதல்ல போறது அக்காவின்ர கைக்கு. அவ ஓம் எண்டாத்தான் அச்சுக்குப் பிளேட் போடுறது.

இதழ் நாளைக்குக் கடையளுக்கு வரும். பொடியன் 21ஆம் பக்கத்திலதான் விழுறான், நம்பி வாங்குங்கோ.