பல் பிடுங்கும் தேதியோடு, பீடியை நிறுத்தும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடிக்கக் கொடுக்கும்போதுதான், "இன்னைக்கு சிகரெட் பிடிக்காதீங்க" என்று பல கிளினிக்குகளில் சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய நேரம் அதற்குள் கடந்துவிடுகிறது.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து நின்றால்தான் அடியிலுள்ள எலும்பு மூடப்படும், அதைப் பிடித்துக்கொண்டு புதுச்சதை வளரும். புகையை உறிஞ்சும் இழுப்பிலேயே அந்த உறைகட்டி பெயர்ந்துவிடலாம். அணைந்து அணைந்து போகும் பீடிக்கு இழுப்பு இன்னும் பலமாக வேண்டும். இளநீரைக்கூட ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கேடு ரத்தத்தில் நடக்கிறது. நிகோடின் ஈறின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிக்கொள்கிறது. புண் ஆறுவது தள்ளிப்போகிறது.

உறைகட்டி போய் எலும்பு வெளியே தெரிவதைத்தான் 'ட்ரை சாக்கெட்' என்கிறோம். முதல் இரண்டு நாள் சரியாகிவிட்டது போலிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை வலி தெறிக்கும், வாய் நாறும். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கே இது அதிகம். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால் இந்த வலி நிற்காது. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்தை உள்ளே வைக்க வேண்டும்.

சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. முடியாதவர்கள் இரண்டு நாள் முன்பாவது நிறுத்தட்டும், கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் வெளியேறிவிடும். பல் எடுத்தபின் குறைந்தது 72 மணி நேரம் தொடவே கூடாது. போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகு பொருத்தும் 'இம்ப்ளான்ட்' வைப்பவர்களுக்கு இது போதாது. டைட்டானியம் திருகை எலும்பு பற்றிக்கொள்ளும் காலம் அது, வைத்தபின் 8 வாரமாவது புகை கூடாது. பணத்தைக் கொட்டி வைத்த திருகு ஆடத் தொடங்கினால், கழற்றுவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை.

புகைதானே கூடாது என்று குட்காவுக்கு மாறுகிறவர்களும் உண்டு. அது அந்தப் புண்ணின் மேலேயே புகையிலையை வைப்பதாகும். ஏக்கம் தாங்காதவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, ஆனால் பல் எடுத்த முதல் சில நாட்கள் மெல்லுவது நல்லதல்ல. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை சரிப்படுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பல் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சைத் தேதி எழுதும் சீட்டிலேயே, புகையை நிறுத்த வேண்டிய தேதியையும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

– பல் மருத்துவர் ஒருவர், திருச்சி