உன் சைக்கிளுக்கு என் கணக்கு

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டது என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே என் முழங்கால் வலி அப்படியே, மழையும் அப்படியே.

சரி, சைக்கிளுக்கு வருவோம். என் வீட்டில் நிற்கும் உன் பழைய வண்டியை விற்றால் ஆயிரம் வெள்ளிக்குக் குறையாது என்று எழுதியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை அதைத் தாழ்வாரத்துக்கு இழுத்து, பழைய பனியனால் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். எழுபதுகளின் வண்டி என்று இத்தனை வருடம் பெருமையடித்தாயே, பின்சக்கரத்துக் கியர் மாற்றியின் உட்புறத்தில் 'எச்', 'டி' என்று இரண்டு எழுத்து பொறித்திருக்கிறது. அதைச் செய்த ஷிமானோ கம்பெனியின் கணக்கில் முதல் எழுத்து வருடம், 'ஏ' என்றால் 1976, இரண்டாவது மாதம். விரல்விட்டு எண்ணினேன்: 1983 ஏப்ரல். அதை மட்டும் எவனோ மாற்றியிருப்பான் என்பாய். பெடல் மாட்டும் கிராங்கிலும் அதே வருடம்தான்.

ஃபிரேம் ரேனால்ட்ஸ் 531 என்ற உயர்ந்த எஃகுக் குழாய் என்பாயே, அந்தப் பேச்சில் பாதி சரி. சீட்டைத் தாங்கும் தண்டை, அதான் சீட் போஸ்ட்டை, அளந்தால் 27.2 மில்லிமீட்டர். மலிவான தடித்த குழாய்க்குள் அவ்வளவு பருமனான தண்டு நுழையாது. மெல்லிய நல்ல எஃகுதான். ஆனால் ரேனால்ட்ஸ் 531 என்ற ஸ்டிக்கர் எங்கே? அந்தப் பச்சைப் பெயின்டை உன்னை யார் அடிக்கச் சொன்னார்கள்? வாங்க வருகிறவனிடம் நான் சத்தியமா செய்ய முடியும்?

அதைவிடப் பெரிய தொல்லை, அந்த சீட் போஸ்ட் அசையவே மாட்டேன் என்கிறது. போஸ்ட் அலுமினியம், குழாய் எஃகு, நம் ஊர் ஈரம், போதாதற்கு உன் வியர்வை! எல்லாம் சேர்ந்து அரித்து இறுகிவிட்டது. மூன்று நாள் எண்ணெய் விட்டும் பயனில்லை. உன் உயரம் உள்ளவன்தான் இதை ஓட்டலாம். விலை அங்கேதான் விழுகிறது. சக்கரங்களும் 27 அங்குலம். டயர் தேடி அலைய வேண்டும்.

பழைய பொருள் விற்கும் கரோசல் இணையதளத்தில் ஆளாளுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் போட்டிருக்கிறார்கள். கேட்கிற விலை வேறு, விற்கிற விலை வேறு. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் விளம்பரங்கள் அவை. என் கணக்குக்கு முழு வண்டியாக 350. போஸ்ட் கழன்றால் 450 கேட்கலாம். பிரித்து உதிரியாக விற்றால் கூடுதலாக வரும், ஆனால் அதை நான் செய்ய மாட்டேன்.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் 90 வெள்ளிக்கு நீ பேரம் பேசியபோது பக்கத்தில் நின்றவன் நான். சந்தையே 2017-இல் போய்விட்டது, இல்லையென்றால் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டிருப்பேன்.

விற்கவா வேண்டாமா, சீக்கிரம் எழுது. துணி காயப்போட இடமில்லை என்று இவள் தினமும் முறைக்கிறாள்.

அன்புடன்,
செல்வம்